ஒரே சூட்டில் ரொட்டி, கேக், ரஸ்க்: ஐந்து குடித்தனம் சேர்ந்து சுடும் சனிக்கிழமை

வீட்டில் ரொட்டி சுட்டால் காசு மிச்சமாகுமா என்று கேட்பவர்களிடம், "வீட்டில் எத்தனை பேர்?" என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று நான்கு பேர்தான் என்றால், தனக்கு மட்டும் சுட்டுக்கொள்வது கட்டுப்படியாகாது. ஓவனைச் சூடேற்ற ஆகும் கரண்ட், ஒரு ரொட்டி வைத்தாலும் இரண்டு வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சரி, இரண்டாகச் சுடலாம் என்றால் தின்று தீராது. கடை ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க கால்சியம் புரோப்பியோனேட் போன்றவற்றைச் சேர்ப்பார்கள்; நம்முடையதில் அது கிடையாது. புழுக்கமான நாட்களில் மூன்றாம் நாளே பச்சைப் புள்ளி விழுந்துவிடும். தூக்கிப் போடும் அரை ரொட்டியோடு மிச்சம் பிடித்த காசும் போய்விடும்.

எங்களுக்கு வழி கிடைத்தது காம்பவுண்டு வீட்டில் இருப்பதால். மதுரையில் ஒரே வாசல், நடுவில் நடை, ஐந்து குடித்தனம். மாடி வீட்டு அக்கா நாட்டுக்கோழி வளர்க்கிறார். பின்கட்டுப் பாட்டியம்மாவுக்குப் பப்பாளியும் முருங்கையும். எதிர்வீட்டு டீச்சருக்குத் தேனிப் பக்கம் சொந்த ஊர். மாதம் ஒருமுறை தேங்காயும் வாழைத்தாரும் வந்து இறங்கும். கடைசி வீட்டில் தையல் மெஷின். தார் பழுக்கத் தொடங்கினால் இரண்டே நாளில் மொத்தமும் பழுத்துவிடும். முருங்கை காய்த்தால் கிளை முறியக் காய்க்கும். என் ஓவனுக்கும் அவர்கள் மரத்துக்கும் ஒரே சங்கடம்தான். வரும்போது மொத்தமாக வரும், ஒரு வீட்டால் தின்ன முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் மாவு பிசைவது பாதி. சுட்டதைக் கொடுத்து எதை வாங்கிக்கொள்வது என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் கணக்கு நேராகிறது.

முதலில் கணக்கு

இரண்டு ரொட்டிக்கு 500 கிராம் மைதா, 300 கிராம் கோதுமை மாவு. இரண்டும் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40 ரூபாய். எண்ணெய் 50 மில்லி 10 ரூபாய்க்குள் வரும். சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 8 ரூபாய் போடுங்கள். கரண்டையும் கூட்டினால் 60 முதல் 65 ரூபாய். வெந்து வரும் ரொட்டி இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ நிற்கும். கடையில் 400 கிராம் பாக்கெட் 45 ரூபாய் என்று வைத்தால், அதே எடைக்கு 140 ரூபாய் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

மின்சாரத்தை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். 1500 வாட் ஓடிஜி (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால்தான் ஒன்றரை யூனிட். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு எரிப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. சனிக்கிழமை மூன்று மணி நேர வேலைக்கு எங்கள் மீட்டரில் நான் குறித்தது 2 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். கோடையில் ஏசி ஓடும் வீடாக இருந்தால் மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

ஒரு டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். டம்ளர் கணக்கில் ரொட்டி ஒருநாள் நன்றாக வரும், மறுநாள் கல்லாகும். அலுமினிய ரொட்டி அச்சு இரண்டு, 9 அங்குல நீளம், 4 அங்குல அகலம். கேக்குக்குத் தனி அச்சு தேவையில்லை. நேர்ச்சுவர் உள்ள பழைய எவர்சில்வர் டப்பாவின் அடியில் வட்டமாக நறுக்கிய பட்டர் பேப்பரைப் போட்டால் போதும். பிசையும் மெஷினும் வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை.

ஈஸ்ட்டைச் சிறு பாக்கெட்டாக வாங்குவதுதான் பெரிய செலவு. பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் அரைக் கிலோ இன்ஸ்டன்ட் ஈஸ்ட் பாக்கெட்டாக வாங்கி மூன்று வீடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் உயிரோடு இருக்கும். நான் ஒரு கோடையில் மேடை மீதே வைத்துவிட்டேன். வெக்கையில் செத்துப்போன ஈஸ்ட்டை நம்பி 800 கிராம் மாவு பிசைந்தேன், அது எழும்பவே இல்லை. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும் அரை ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் பார்ப்பேன். நுரைத்தால்தான் மாவைத் தொடுவது.

வெள்ளிக்கிழமை: பேசி வைப்பது

சுடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், நடையில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பேச்சை எடுப்பேன். "அக்கா, நாளைக்கு ரொட்டி போடுறேன், உங்களுக்கு ஒண்ணா, பாதியா?" அவ்வளவுதான். பதிலுக்கு என்ன தருவீர்கள் என்று நான் கேட்பதில்லை. "முட்டை ஏழெட்டு சேர்ந்திருக்கு, எடுத்துக்கம்மா" என்று அவரே சொல்வார். முதல்முறை பேசும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர்களிடம் வழிந்து கிடப்பதைத்தான் கேட்க வேண்டும். அளவாகக் காய்க்கும் எலுமிச்சையைக் கேட்டால் கொடுப்பவருக்கு மனக்கஷ்டம்; உதிர்ந்து வீணாகும் முருங்கைக்கீரையைக் கேட்டால் சந்தோஷம்.

மாற்று புதிதல்ல நமக்கு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களிடம் நம் அம்மாக்கள் பேரம் பேசியிருக்கிறார்கள். ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கினால், திருப்பும்போது தலைதட்டாமல் கோபுரமாக அளந்து கொடுப்பார்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிற இடத்தில் பண்டமாற்றைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. தொடர்ந்து நடக்கும்படி ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டால் போதும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்றும் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுங்கள். மாவு எழும்பும்போது கரண்ட் போனால் கவலையில்லை. பாதி வெந்த ரொட்டியோடு போனால் அதைக் காப்பாற்ற முடியாது.

சனிக்கிழமை காலை: மாவு

500 கிராம் மைதா, 300 கிராம் கோதுமை மாவு, 14 கிராம் உப்பு, 40 கிராம் சர்க்கரை, 8 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். உலர்ந்ததையெல்லாம் கலந்தபின் 500 மில்லி தண்ணீரைச் சேர்த்துத் திரட்டுங்கள். சித்திரை வைகாசியில் பானைத் தண்ணீர். மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீர். மாவு வறண்டு தெரிந்தால் இன்னும் 20, 30 மில்லி விடலாம். மில்லில் அரைத்த கோதுமை மாவு தண்ணீரை நிறையக் குடிக்கும்.

திரட்டியதும் பிசைய ஆரம்பிக்காதீர்கள். மூடி 20 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் மாவு தானே தண்ணீரைக் குடித்து இளகிவிடும், கைவலி பாதியாகக் குறையும். பிறகு 50 மில்லி கடலை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவுவதுதான் பலரும் செய்யும் தவறு. ரொட்டி செங்கல்லாவதற்குக் காரணமும் அதுதான். கையில் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள், மாவு தூவாதீர்கள். ஒரு சிறு உருண்டையை விரலால் இழுத்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியுமளவுக்கு மெல்லிய சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும். கோதுமை மாவு கலந்திருப்பதால் சவ்வு முழுக் கண்ணாடியாக வராது, பரவாயில்லை.

இரண்டு மடங்காக எழும்பட்டும். ஆங்கில முறையைப் பின்பற்றும் குறிப்புகளில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது குளிர் நாட்டுக் கணக்கு. மதுரை வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே தளும்பி நிற்கும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள். மாவு தொட்ட விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதியளவு மேலே வரவேண்டும். சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரமிருக்கிறது. வராமலே நின்றால் நேரம் தாண்டிவிட்டது. மேமாதத்தில் ஈஸ்ட்டை 6 கிராமாகக் குறைத்துவிடுவேன். வேகமாகப் புளித்த ரொட்டியில் ருசி இருக்காது, சாராய வாசம்தான் இருக்கும்.

எழும்பிய மாவில் 100 கிராம் கிள்ளி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை அதைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் ஈஸ்ட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம், வாசனையும் கூடும். மீதியை இரண்டாகப் பிரித்துத் தட்டி, இறுகச் சுருட்டி, எண்ணெய் தடவிய அச்சில் ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டாம் முறை எழும்ப 30 முதல் 40 நிமிடம். மாவு அச்சின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே தெரியும்போது ஓவன் 190 டிகிரியில் தயாராக இருக்க வேண்டும்.

இறங்கு சூடு: ஓவனை ஒருமுறைதான் ஏற்றுவது

முன்பு விறகுப் பேக்கரிகளில் அடுப்பு நல்ல சூட்டில் இருக்கும்போது ரொட்டி, சூடு தணியத் தணியக் கேக், பிஸ்கட், கடைசியாக இரவெல்லாம் ரஸ்க் என்று வைப்பார்கள். (இலங்கைத் தமிழர்கள் அந்த அடுப்பைப் போறணை என்பார்கள், அவர்கள் ரொட்டியைச் சொல்லும் 'பாண்' போலவே அதுவும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல்.) அந்த முறையை வீட்டு ஓடிஜியில் அப்படியே செய்யலாம். இதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

முதலில் ரொட்டி, 190 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். மேல்பக்கம் முன்னரே சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெளியே எடுத்து அடியில் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டுவது போலக் கேட்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 டிகிரிக்கு மேல். உடனே அச்சிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் ஆறவிடுங்கள். அச்சிலேயே விட்டால் அடி வேர்த்து நமத்துப்போகும். முழுதும் ஆறாமல் அறுக்கக் கூடாது. குழந்தைகள் கேட்டால் சேர்த்துச் சுட்ட சின்ன பன்னைக் கொடுங்கள்.

அடுத்து சூட்டை 170 டிகிரிக்கு இறக்கி வாழைப்பழக் கேக். டீச்சர் வீட்டுத் தாரில் கறுத்துப்போன பழம் உரித்து 300 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், எண்ணெய் 100 மில்லி, தயிர் 100 மில்லி, கோதுமை மாவு 200 கிராம், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பழத்தை மசித்து ஈரமானதையெல்லாம் கலந்து, மாவைக் கடைசியில் போட்டுக் கட்டியில்லாமல் கலந்தால் நிறுத்திவிடுங்கள். அடித்துக் கலக்கினால் கேக் ரப்பராகும். 40 முதல் 45 நிமிடம். குச்சி குத்தினால் மாவு ஒட்டக்கூடாது. தயிர் சேர்ப்பதால் முட்டை தேவையில்லை.

பிறகு 160 டிகிரியில் நெய் பிஸ்கட். 200 கிராம் மைதா, 100 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் உறைந்த நெய், ஏலக்காய், சிட்டிகை சோடா, சிட்டிகை உப்பு. நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்து மாவைச் சேர்த்து உருட்டி வையுங்கள், 18 நிமிடம். சூடாக இருக்கும்போது தொட்டால் உதிரும். ஆறினால்தான் இறுகும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள்.

கடைசியில் 120 டிகிரி. போன வார ரொட்டியில் மிஞ்சி ஃப்ரீசரில் வைத்த துண்டுகளை விரல் அகலத்துக்கு நறுக்கி 40 நிமிடம் வைத்து, ஓவனை அணைத்துக் கதவைத் திறக்காமல் இரவு முழுக்க விட்டால் மொறுமொறு ரஸ்க். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த ரொட்டியை ரஸ்க் ஆக்காதீர்கள். வெளியே தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும்.

ஓவன் இல்லையென்றால்

அடி கனத்த பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றும், இறுக்கமான மூடியும் போதும். குக்கர்தான் இருக்கிறது என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் சூடேற்றினால் நல்ல குக்கர் நாளடைவில் கெடும், அதனால் கழித்துப்போட்டதையே இதற்கு ஒதுக்குங்கள். அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் பிரிமணை, பத்து நிமிடம் நடுத்தரத் தீ, பிறகு அச்சை வைத்துச் சிறு தீயில் 45 நிமிடம். கேக்குக்கு இது அருமை. ரொட்டிக்கு மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். வெந்தபின் தோசைக்கல்லில் கவிழ்த்து இரண்டு நிமிடம் வைத்தால் நிறம் வரும். அந்த உப்பைச் சமையலுக்கு எடுக்காமல் டப்பாவில் போட்டு வைத்தால் மறுபடி மறுபடி இதற்கே ஆகும்.

கொடுக்கல் வாங்கல்

எங்கள் காம்பவுண்டில் ஒரு முழு ரொட்டிக்கு நாலு நாட்டுக்கோழி முட்டை என்று தானாக அமைந்துவிட்டது. அரை ரொட்டிக்கு இரண்டு தேங்காய் என்று டீச்சர் கொடுத்தார். அது அதிகம் என்று பட்டதால் பிஸ்கட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். உங்கள் அடக்கச் செலவை வைத்து மதிப்புப் போடாதீர்கள். கடையில் இரண்டும் என்ன விலைக்குப் போகும் என்று மனதுக்குள் ஒரு தோராயம் வைத்துக்கொண்டு, அதற்குமேல் நோண்டாமல் விடுங்கள். தையல் அக்கா ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டித் தருவார், பையனின் யூனிபார்ம் பேன்ட்டைப் பிரித்து நீளமாக்கித் தருவார். உழைப்பைப் பண்டத்தோடு மாற்றும்போது எப்போதும் ஒரு பிடி கூடவே கொடுங்கள்.

பாட்டியம்மாவின் பப்பாளி காற்றில் காயாகவே உதிரும். அந்தக் காய் எங்களுக்கு டூட்டி ஃப்ரூட்டி. தோல் சீவிச் சிறு கட்டங்களாக நறுக்கிய அரைக் கிலோ காயைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்து, 300 கிராம் சர்க்கரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்துப் பாகு ஒட்டும் பதம் வரை கொதிக்கவிடுங்கள். பாதிக்குப் பீட்ரூட் சாறு. ஒரு நாள் பாகிலேயே ஊறி, வடிகட்டித் தட்டில் இரண்டு நாள் நிழலில் உலர்ந்தால் தேங்காய் பன்னுக்குள் வைக்க ஆயிற்று. அதில் ஒரு பாட்டில் பாட்டியம்மாவுக்குப் போகும்.

டப்பா தொலைவதுதான் இந்த ஏற்பாட்டில் சண்டைக்கு வழி. எவர்சில்வர் டப்பாவில் பாத்திரக்கடையில் பேர் வெட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் அடியில் நெயில் பாலிஷால் எழுதுங்கள்.

யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைப்பது டப்பாவைவிட முக்கியம். ஒரு கார்த்திகையில் முட்டை சேர்த்த கேக்கை ஒரு வீட்டுக்கு, அந்த வீட்டு அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தது தெரியாமல் அனுப்பிவிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பல நாள் உறுத்தியது. இப்போது முட்டைக்கும் மற்றதற்கும் அச்சு, கரண்டி எல்லாம் தனித்தனி. முட்டையில்லாத டப்பாவுக்குப் பச்சைநூல், முட்டை சேர்த்ததற்குச் சிவப்புநூல். முந்திரி, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் உண்டா, சர்க்கரை நோய் உண்டா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி வந்தால் கணக்கு தலைகீழாகும். பாதி வீட்டில் முட்டை தொட மாட்டார்கள், கோழி மட்டும் இட்டுக்கொண்டே இருக்கும். அந்த மாதம் மாடி வீட்டு அக்காவிடமிருந்து முட்டையை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன், இரண்டு மூன்று வாரம் தாங்கும். ரொட்டி மட்டும் வழக்கம்போல அவருக்குப் போகும்.

பணம் வாங்கி விற்கத் தொடங்கினால் விஷயம் வேறு. வீட்டு அடுக்களையாகவே இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாராவது ஆர்டர் கொடுத்தால் முதலில் அந்தப் பதிவை முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மிஞ்சுவதை வைப்பது

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு கெட்டியாகும். இரண்டு நாளுக்குள் தீருமென்றால் துணியில் சுற்றி டப்பாவில். தீராதென்றால் அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில். தேவைப்படும்போது நேராகத் தோசைக்கல்லில் போட்டால் அன்று சுட்டது போலிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள்கூடத் தாங்காது என்பதால் அந்த மாதங்களில் ஒரே ரொட்டியும், அதற்குப் பதில் பிஸ்கட் கூடுதலாகவும் சுடுகிறேன். ஓரத் துண்டுகளை வெயில் வரும் நாளில் காயவைத்து மிக்சியில் பொடித்தால் கட்லெட்டுக்குத் தூள்.

ஞாயிறு காலை ஓவன் கதவைத் திறந்து ரஸ்க்கை எடுத்து, ஆறியதும் ஐந்து பங்காகப் போட்டுவிடுவேன். காபி நேரத்துக்குள் அவரவர் பேர் வெட்டிய டப்பாக்கள் நடைத் திண்ணையில் வரிசையாக நிற்கும். யார் முதலில் எழுகிறார்களோ அவர்கள் மற்றவர் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.